இடது ஓரம்

முதலில் ஓர் ஊறல்.
இடது கடைவாயில்
சீனி தேடி வந்த எறும்பொன்று
வழி தவறி நின்றதுபோல்.
கண்ணாடியில் ஒன்றும் இல்லை.
எனக்குத் தெரியும்,
நாளைக்கு நொய்யரிசியாய் நாலு கொப்புளம்,
மறுநாள் உடைந்து நீர்,
அப்புறம் தேன்நிறத்தில் ஒரு பொருக்கு.
கொட்டாவி விட்டால்கூட வெடிக்கும்.

ஒன்பதாம் வாரத்தில் வந்தது.
வளைகாப்புக்கும் சொல்லிவைத்தாற்போல் வந்தது.
சந்தனம் பூச வந்த வேணியக்காவின் விரல்
கன்னத்துக்கு அருகில்
ஒரு கணம் நின்று, பிறகு பூசியது.
படங்களில் எல்லாம்
வலப்பக்கமே திரும்பியிருக்கிறேன்,
யாரோ கூப்பிட்டதுபோல்.

இப்போது முப்பத்து நாலாம் வாரம்.
சாஸ்கடூனில் ஜனவரி.
ராத்திரி முழுக்கச் சுவர் மின்சாரத்தில்
வயர் செருகி வைக்காவிட்டால்
வண்டி காலையில் உயிர்க்காது.
இந்த ஊரில்
வண்டிக்கும் தொப்புள்கொடி உண்டு.

அம்மா ஃபோனில் சொல்கிறாள்:
"பல்லி எச்சில் பட்டிருக்கும்டி."
மைனஸ் முப்பத்திரண்டில்
எந்தப் பல்லி அம்மா?

டாக்டர் ஹலினா பதறவில்லை.
மாத்திரை எழுதினார், நாளுக்கு ஐந்து.
"பழைய புண், பழைய எதிரி.
உன் ரத்தத்தில் இருக்கும் காவல்
குழந்தைக்கும் போய்க்கொண்டிருக்கிறது."
கதவருகில் நின்று
சாதாரணமாகத்தான் சொன்னார்:
"பிறந்த பிறகு வந்தால் மட்டும்
கையைக் கழுவு, மாஸ்க் போடு,
ஆறும்வரை முத்தம் வேண்டாம்."

அந்த ஒரு வரியை
பேருந்தில் வீடுவரை சுமந்து வந்தேன்.
வயிற்றைவிடக் கனம்.

அழகர் சுரங்கத்தில் இரவு வேலை முடித்து
பொட்டாஷ் தூசோடு வருகிறான்.
என் டம்ளரில் சிவப்பு டேப்.
என் துண்டு தனிக் கொக்கியில்.
உச்சந்தலையில் முத்தமிட்டுவிட்டு
"இதுக்குத் தடையில்லையே?" என்கிறான்.
சிரிக்கவைக்காதே, வெடிக்கும் என்கிறேன்.

நேற்று அம்மாவிடம் கேட்டேவிட்டேன்:
எனக்கு இது யாரிடமிருந்து?
கோவில்பட்டியில் மிக்சி ஓடி நின்றது.
"வேற யாரு.
மீசைக்கு அடியில அவருக்கும் வரும்.
வந்தாலும் உன்னைக் கொஞ்சாம இருக்கமாட்டாரு.
சரி, சாப்பிட்டியா?"

எனக்கு ஐந்து வயதில்
வீட்டைவிட்டுப் போன மனிதர்.
ஒரு படம்கூட மிச்சம் வைக்காமல்
அம்மா அவரைக் கழுவித் துடைத்திருந்தாள்.
துடைக்க முடியாத இடம் ஒன்று இருந்திருக்கிறது:
என் காதுக்கு முன்னால்
நரம்பு முடிச்சு ஒன்றில்
இருபத்தேழு வருடமாய்
வாடகை தராமல் குடியிருக்கும் முத்தம்.
குளிர்ந்தால் எழும்பும்.
தூக்கம் கெட்டால் எழும்பும்.
கோபப்படலாமா என்று யோசித்தேன்.
பொருக்கின்மேல் களிம்பைத் தடவியபோது
விரல் என்னவோ மெதுவாகத்தான் போனது.

பல் மருத்துவமனையில்
வரவேற்பு மேசை என்னுடையது.
"உதட்டில் புண் இருந்தால்
இரண்டு வாரம் கழித்து வாருங்கள்."
நாலு வருடமாய்
மூச்சு விடுவதுபோல் சொல்லிவரும் வாக்கியம்.
மாஸ்க்குக்குள் இன்று என் உதடும் எரிகிறது.
உள்ளிருந்து ஒரு முழங்கை
மேசை விளிம்பை இடிக்கிறது.

பதினொன்றே காலுக்கு ஒரு குரல்:
பல் சுத்தம் செய்ய நேரம் வாங்கியிருந்தேன்,
உதட்டில் ஏதோ வந்துவிட்டது,
வரலாமா?

தேதியை மாற்றினேன்.
ஃபோனை வைத்திருக்கலாம்.
வைக்காமல் கேட்டேன்:
வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா?

அந்தப் பக்கம்
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.

"இருக்கிறாள்," என்றார்.
"பிறந்து பதினொரு நாள்.
ஏன்?"